ஜன்னல் அடைத்த விமானங்கள்





நம் நீலகிரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. விமானம் ஏற வேண்டுமானால் பர்லியார் வழியாக மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை பீளமேட்டுக்குப் போக வேண்டும். ஆனாலும் இந்த மாதப் பக்கத்தை விமானங்களுக்கே ஒதுக்குகிறேன். அதுவும் ஆட்களை ஏற்றி ஏற்றி வயதாகிவிட்ட பழைய விமானங்களுக்கு. பதினைந்து, இருபது வருடம் ஓடிய பயணிகள் விமானத்தின் இருக்கைகளைக் கழற்றி, ஜன்னல்களை அடைத்து, பக்கவாட்டில் பெரிய கதவு வைத்துச் சரக்கு விமானமாக்கும் தொழில் கடந்த சில வருடங்களில் உலகமெங்கும் நன்றாக வளர்ந்திருக்கிறது. அடுத்த 20 ஆண்டுகளில் உலகத்துக்குச் சுமார் 2,800 சரக்கு விமானங்கள் தேவைப்படும், அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு இப்படி மாற்றப்பட்டவையாகத்தான் இருக்கும் என்று போயிங் நிறுவனம் 2022-ல் கணித்தது. கோத்தகிரியில் பசுமைக்குடில் போட்டுக் கார்னேசன் வளர்ப்பவர்களும், கேத்தி பாலாடாவில் புரோக்கோலியும் லெட்யூஸும் பயிரிடுபவர்களும், குன்னூரிலிருந்து வெளிநாட்டுக்குத் தேயிலை மாதிரி அனுப்புபவர்களும் இந்தச் செய்தியைக் கவனித்துப் படிக்க வேண்டும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நம் சரக்கு எப்படிப் பயணம் போகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். கார்னேசனைப் பாருங்கள். மொட்டு முழுக்க விரிந்த பிறகு அறுத்தால் பூ சந்தைக்குப் போய்ச் சேராது. பாதி விரிந்த பருவத்தில், வெயில் ஏறுவதற்கு முன்பே அறுக்க வேண்டும். தண்டுகளை வாளித் தண்ணீரில் நிறுத்தி, நீளம் பார்த்துத் தரம் பிரித்து, இருபது இருபதாகக் கட்டு கட்டி, காகிதம் சுற்றி, அட்டைப்பெட்டியில் தலை மாற்றித் தலை மாற்றி அடுக்குகிறார்கள். இந்த வேலை பெரும்பாலும் பெண்களுடையது. ஒரு தண்டு ஒடிந்தாலும் கட்டு தரம் இறங்கிவிடும் என்பதால் அவர்கள் விரல்கள் அவ்வளவு பதமாக வேலை செய்யும். பெட்டி கட்டியதும் மலை இறக்கம். பெங்களூருவுக்கும் சென்னைக்கும் சாலை வழியே ஒரே இரவில் போய்விடலாம். டெல்லிக்கோ கொல்கத்தாவுக்கோ போக வேண்டுமென்றால் விமானம்தான்.

அந்த விமானம் பயணிகள் விமானம். நாம் மேலே உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருக்கும்போது, காலுக்குக் கீழே உள்ள அறையில் பெட்டிகளோடு பெட்டியாகக் கார்னேசன் போகிறது. உள்நாட்டில் ஓடும் சிறிய ரக விமானங்கள் பலவற்றில் அந்த அறை ஒரு ஆள் நிமிர்ந்து நிற்கக்கூட உயரம் போதாதது. தொழிலாளர்கள் முட்டி போட்டுக் குனிந்து ஒவ்வொரு பெட்டியாகத் தள்ளி அடுக்குகிறார்கள். முதலில் பயணிகளின் பெட்டிகள். மிச்ச இடம்தான் சரக்குக்கு. பயணிகள் அதிகமாகி எடை கூடிவிட்டாலோ, வெயில் கொளுத்தி விமானம் மேலெழும் திறன் குறைந்தாலோ, சரக்கைத்தான் இறக்கிவைப்பார்கள். ‘ஆஃப்லோட் ஆயிடுச்சுங்க’ என்று தொலைபேசியில் கேட்கும் அந்த ஒரு வார்த்தையில் எத்தனை விவசாயிகளின் ஒரு வார உழைப்பு கரைந்திருக்கிறது என்பது நம் மலையில் கொய்மலர் போடுகிற எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று: கார்னேசனுக்கு எத்திலீன் வாயு ஆகாது. பழுக்கும் பழங்களிலிருந்து வெளிவரும் வாயு அது. பழக்கூடைகளோடு ஒரே அறையில் மணிக்கணக்கில் அடைபட்டால், பூ இதழ்களை உள்ளுக்குள் சுருட்டிக்கொண்டுவிடும். பிறகு எந்தத் தண்ணீரில் வைத்தாலும் விரியாது.

பயணிகளை நம்பிப் போகும் சரக்குக்கு என்ன நேரும் என்பதை 2020 காட்டியது. மார்ச் 25 முதல் மே 24 வரை நாட்டுக்குள் பயணிகள் விமானம் ஓடவில்லை. கல்யாணங்களும் நின்றுபோயின. நம் மாவட்டத்தில் பூத்த பூக்கள் பசுமைக்குடில் வாசலிலேயே குவித்துக் கொட்டப்பட்டன. அதுவரை உலகத்தின் விமானச் சரக்கில் சுமார் பாதி பயணிகள் விமானங்களின் அடிவயிற்றில்தான் போய்க்கொண்டிருந்தது. அவை தரையில் நின்றதும் மருந்துக்கும் முகக்கவசத்துக்கும் இடம் கிடைக்காமல் உலகமே தடுமாறியது. 2020 ஏப்ரல் 7 அன்று டெல்லியிலிருந்து சென்னைக்கு ஸ்பைஸ்ஜெட் விமானம் ஒன்று பயணிகள் இருக்கைகளின் மேலேயே பெட்டிகளை அடுக்கிக் கட்டி, அத்தியாவசியப் பொருட்களோடு பறந்து வந்தது. இந்தியாவில் அப்படிப் பறந்த முதல் விமானம் அதுதான். அவசரத்துக்குச் செய்த ஏற்பாடு. ஆனால் அந்த அவசரம்தான் பல நிறுவனங்களை ‘பழைய விமானத்தை ஒழுங்காகவே சரக்குக்கு மாற்றிவிடலாமே’ என்று யோசிக்கவைத்தது. வீட்டில் அடைந்திருந்த ஜனங்கள் செல்போனில் சாமான் வாங்கப் பழகியதும் அதற்கு உரம் போட்டது.

மாற்றும் வேலை லேசானதல்ல. வேலை செய்யும் பணிமனையைப் பொறுத்து மூன்று, நான்கு மாதம் ஆகும். இருக்கைகள், கழிப்பறைகள், உணவு சூடாக்கும் அறை, தலைக்கு மேல் இருக்கும் பெட்டி அலமாரிகள், தரைவிரிப்பு எல்லாம் வெளியே வந்துவிடும். சுவர்ப் பலகையையும் உரித்தால் உள்ளே விலா எலும்பு வரிசையாக உலோகச் சட்டங்கள் மட்டும் நிற்கும். அடுத்ததுதான் கடினமான கட்டம். விமானத்தின் இடப்பக்க முன்பகுதியில், போயிங் 737-800 ரகமென்றால் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் அகலத்துக்கும் இரண்டு மீட்டர் சொச்சம் உயரத்துக்கும் உடலை வெட்டி எடுக்கிறார்கள். உயரே பறக்கும்போது விமானத்தின் உடல் உள்காற்றின் அழுத்தத்தால் விம்மி நிற்கும், இறங்கும்போது தளரும். ஒவ்வொரு பறத்தலுக்கும் ஒருமுறை இப்படி விம்மித் தளர்வதால்தான், விமானத்தின் வயதை வருடத்தைவிட எத்தனை முறை ஏறி இறங்கியது என்ற கணக்கை வைத்தே பார்க்கிறார்கள். அப்படிப்பட்ட உடலில் ஒரு வாசல் அளவுக்கு ஓட்டை போட்டால், அதைச் சுற்றிப் புதிய சட்டங்களும் இரட்டைத் தகடுகளும் வைத்து ஆயிரக்கணக்கான ரிவெட்டுகள் அடித்து, பழைய வலுவைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஒரு துளை மில்லிமீட்டரில் பிசகினாலும் விட மாட்டார்கள்.

ஜன்னல் கண்ணாடிகள் இருந்த இடத்தில் அலுமினியத் தகடு. தரையின் குறுக்குச் சட்டங்கள் பலப்படுத்தப்பட்டு, மேலே உருளைகளும் குண்டுகளும் பதித்த தளம் வரும். டன் கணக்கில் எடையுள்ள சரக்குத் தட்டை இரண்டு மூன்று பேர் கையால் தள்ளியே இடத்தில் கொண்டுபோய்ப் பூட்டிவிடலாம். விமானிகளுக்கும் சரக்குக்கும் நடுவே ஒரு தடுப்புச் சுவர். விமானம் திடீரென நிற்கும் நிலை வந்தால், சரக்கு தன் எடையைப்போல ஒன்பது மடங்கு விசையோடு முன்னால் பாயும் என்று கணக்கிட்டு, அதைத் தாங்கும்படி கட்டுகிறார்கள். புகை அறியும் கருவிகள் புதிதாக வரும். தீப்பிடித்தால் மேல்தளத்தில் தண்ணீரோ வாயுவோ பீய்ச்சும் ஏற்பாடு பெரும்பாலும் இருக்காது. விமானிகள் முகமூடி போட்டுக்கொண்டு உள்காற்றை வெளியேற்றிவிடுவார்கள். உயரத்தில் பிராணவாயு போதாமல் தீ தானே அடங்க வேண்டும். பயணிகள் இல்லாத விமானம் என்பதால்தான் இது முடிகிறது. எல்லாம் முடிந்து வெளியே வரும் 737-800, முன்பு 189 பேர்வரை ஏற்றிய அதே விமானம், இப்போது சுமார் 24 டன் சரக்கோடு பறக்கும். ஏர்பஸ் ஏ321 என்றால் மேலே 14, கீழே 10 என 24 கொள்கலன்கள் ஏறும்.

பழசுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள்? கணக்கு எளிது. பயணிகள் விமானம் ஒரு நாளில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஓடியாக வேண்டும். அங்கே எரிபொருள் சிக்கனம்தான் ராஜா, அதனால் புதிய எஞ்சின் வேண்டும். கூரியர் விமானமோ இரவில் சில மணி நேரம் பறந்துவிட்டு, பகலெல்லாம் நிற்கும். குறைவாகப் பறக்கும் விமானத்துக்கு எரிபொருளைவிட வாங்கிய விலைதான் சுமை. ஆகவே வயதான விமானத்தைக் குறைந்த விலைக்கு வாங்கி, மாற்றும் செலவையும் போட்டால்கூட, புதியது வாங்குவதில் சிறு பங்கில் காரியம் முடிகிறது.

இதற்கு உதாரணம் தேடி அமெரிக்கா போக வேண்டியதில்லை. ப்ளூ டார்ட் ஏவியேஷன் நிறுவனத்தின் தலைமையிடம் நம் சென்னை மீனம்பாக்கம். 1996-ல் போயிங் 737-200 சரக்கு விமானங்களோடு தொடங்கிய நிறுவனம், 2006 வாக்கில் 757-க்கு மாறியது. போயிங் நிறுவனமே 757 தயாரிப்பை 2004-ல் நிறுத்திவிட்டது. அப்படியும் பயணிகளைச் சுமந்து முடித்த 757-கள் இரவு நேரங்களில் சென்னை, பெங்களூரு, மும்பை, டெல்லி, கொல்கத்தா என்று பொட்டலங்களைச் சுமந்துகொண்டிருக்கின்றன. 2022 கடைசியில் இண்டிகோ, மாற்றியமைத்த ஏ321 சரக்கு விமானத்தைப் பெற்றது. 2023 ஜனவரியில் அமேசான், ஹைதராபாத்தில் தன் சரக்கு விமானச் சேவையைத் தொடங்கியபோது பறந்தவையும் மாற்றப்பட்ட 737-800-களே. அதே ஆண்டு மார்ச்சில், மாற்றும் வேலையையே ஹைதராபாத்தில் செய்யப்போவதாக போயிங்கும் ஜிஎம்ஆர் ஏரோ டெக்னிக்கும் அறிவித்தன. இந்த அறிவிப்பைப் படித்தபோது எனக்கு நம் பக்கத்துப் பிள்ளைகள் நினைவுதான் வந்தது. கோவையைச் சுற்றி வார்ப்படம், தகடு வேலை, இயந்திரக் கடைசல் எல்லாம் ரத்தத்தில் ஊறியவர்கள் இருக்கிறார்கள். சூலூரில் விமானப்படையின் பழுதுபார்ப்புப் பணிமனை இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் கோவையும் ஒன்று. ரிவெட் அடிக்கவும் தகடு வளைக்கவும் தெரிந்த ஐடிஐ மாணவருக்கு விமானப் பணிமனையில் மரியாதையான வேலை உண்டு. அதற்கான பயிற்சியும் சான்றிதழும் நம் பக்கத்திலேயே கிடைக்கும்படி செய்ய வேண்டியது அரசின் வேலை.

இந்தியாவின் வான்வழியே சரக்கிலிருந்து பிறந்ததுதான். 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஜே.ஆர்.டி. டாடா ஓட்டிவந்த சின்னஞ்சிறு புஸ் மாத் விமானத்தில் இருந்தது தபால் மூட்டை. அங்கிருந்து பெல்லாரி வழியாக நெவில் வின்சென்ட் அதை மதராஸ் கொண்டுவந்து சேர்த்தார். 1949-ல் இரவுத் தபால் விமானங்கள் வந்தன. டெல்லி, பம்பாய், கல்கத்தா, மதராஸ் நான்கு திசைகளிலிருந்தும் டகோட்டா விமானங்கள் நடுராத்திரி நாகபுரியில் கூடி, மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் ஊர் திரும்பின. அந்த டகோட்டா ரகமே பயணிகளுக்காகப் பிறந்து, போரில் சரக்கும் சிப்பாய்களும் சுமந்து, போர் முடிந்ததும் மறுபடி பயணிகளுக்கும் தபாலுக்கும் வந்தது.

ரயிலிலும் இது நடக்கிறது. பெரம்பூர் ஐசிஎஃப்-ல் 1955 முதல் வெளிவந்த பெட்டிகள் ஆயுளின் பெரும்பகுதியைப் பயணிகளோடு கழித்தபின், ஜன்னலும் பக்கக் கதவும் தகடு வைத்து அடைக்கப்பட்டு, இருக்கையும் மின்விசிறியும் நீக்கப்பட்டு, என்எம்ஜி என்ற கார் ஏற்றும் வண்டிகளாகின்றன. பெட்டியின் முனையில் உள்ள அகலக் கதவைத் திறந்தால் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே ஓடும். சென்னையைச் சுற்றியுள்ள ஆலைகளின் கார்கள் வடக்கே போவது இவற்றிலும்தான். ஜன்னல் இல்லாத நீளமான ரயில் ஒன்று உங்களைக் கடந்து போனால், குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். நம் மலை ரயிலும் அப்படித்தானே? 1899-ல் குன்னூரையும் 1908-ல் ஊட்டியையும் எட்டிய பாதையில், ஸ்விட்சர்லாந்தில் நிலக்கரிக்காகச் செய்த எஞ்சின்கள் சிலவற்றைப் பொன்மலைப் பணிமனை எண்ணெயில் ஓடும்படி மாற்றிக் கொடுத்ததால்தான் அவை அத்தனை காலம் கல்லாற்றிலிருந்து ஏறின. ஒரு இயந்திரத்தைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் அதற்கு இரண்டாம் ஆயுள் உண்டு என்று குன்னூர் பணிமனைத் தொழிலாளர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட ஊர் இது.

இந்தத் தொழிலின் வளர்ச்சி நேர்கோட்டில் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2021, 2022-ல் ஆளாளுக்கு விமானங்களை மாற்றக் கொடுத்தார்கள். 2023-ல் சரக்கு குறைந்து கட்டணம் சரிந்தபோது, மாற்றி முடித்த சிறிய ரக விமானங்கள் பல வேலையில்லாமல் நின்றன. அதற்குப் பிறகு வேறு சிக்கல்: புதிய விமானங்கள் குறித்த நேரத்தில் வராததால், விமான நிறுவனங்கள் பழையவற்றைக் கைவிட மனமில்லாமல் ஓட்டிக்கொண்டிருக்கின்றன, மாற்றுவதற்கு நல்ல பழைய விமானம் கிடைப்பது அருமையாகி, விலையும் ஏறிவிட்டது. பெரிய ரகத்தில் போயிங் 777-300 இஆர் விமானத்தை மாற்ற இஸ்ரேல் நிறுவனம் 2019-ல் தொடங்கிய திட்டத்துக்கு அமெரிக்க அனுமதி கிடைக்க 2025 ஆகிவிட்டது.

நமக்கு என்ன வேண்டும் என்பதற்கு வருகிறேன். கேரட்டையும் முட்டைக்கோஸையும் விமானத்தில் அனுப்ப யாரும் கேட்கவில்லை. அது லாரியில் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போவதே சரி. ஏல மையத்தில் விற்கும் தேயிலைக்குக் கப்பல்தான் பொருத்தம். விமானம் அதிகமாகக் கரியைக் கக்கும் வாகனம். மழையும் பனியும் காலம் தப்பிப் போவதை நேரில் பார்க்கும் நாம் அதைக் கண்டபடி கேட்கக் கூடாது. கொய்மலர், நாள் கடந்தால் வாடும் புரோக்கோலி, லெட்யூஸ் போன்ற சைனீஸ் காய்கறிகள், உறைபனிக் காலத்தில் கொஞ்சமாகத் தயாராகும் சிறப்புத் தேயிலை, ஏற்றுமதிக்கு முன் வாங்குபவர் ருசி பார்க்கும் மாதிரிப் பொட்டலம், இவற்றுக்கு மட்டும் உறுதியான இடம் வேண்டும். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தையும் மறக்கலாகாது. 1907-ல் தொடங்கிய அந்த நிறுவனம் தயாரிக்கும் முத்தடுப்பு ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே இருக்க வேண்டும்; உறைந்துவிட்டாலும் வீண், சூடேறினாலும் வீண். 2009 நவம்பர் நிலச்சரிவில் மலைச்சாலைகள் துண்டிக்கப்பட்டதைக் கண்டவர்களுக்கு, கீழே இறங்கிய சரக்கு மேலும் காத்துக் கிடக்கக் கூடாது என்பதன் அருமை தெரியும்.

வழி இல்லாமல் இல்லை. மத்திய அரசின் கிருஷி உடான் திட்டம் 2021 அக்டோபரில் விரிவாக்கப்பட்டபோது, தேர்ந்தெடுத்த விமான நிலையங்களில் சரக்கு விமானங்களுக்கும், பயணிகள் விமானத்தை மாற்றி ஓட்டுபவர்களுக்கும் தரையிறங்கும் கட்டணமும் நிறுத்தக் கட்டணமும் முழுமையாகத் தள்ளுபடி என்று அறிவித்தார்கள். வடகிழக்கோடு மலைப்பகுதிகளுக்கும் பழங்குடிப் பகுதிகளுக்கும் அதில் முன்னுரிமை. நீலகிரி இரண்டும்தான். கோவை விமான நிலைய விரிவாக்கத்துக்கு நிலம் எடுக்கும் வேலை பல ஆண்டு இழுபறிக்குப் பின் முன்னேறியிருக்கிறது. ஓடுதளம் இப்போதே ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். மாற்றியமைத்த 737-க்கோ ஏ321-க்கோ அது தாராளம். விரிவாக்க வரைபடத்தில் பயணிகள் கூடத்துக்குக் கொடுக்கும் அக்கறையில் ஒரு பங்கைச் சரக்குக் கூடத்துக்கும் கொடுத்து, பூவையும் பழத்தையும் தனித்தனியே வைக்கும் குளிர் அறைகள் கட்ட வேண்டும். மேட்டுப்பாளையத்தில் முன்குளிரூட்டும் கிடங்கு ஒன்று வேண்டும். வாரத்தில் சில இரவுகளாவது ஒரு சரக்கு விமானம் கோவையைத் தொட்டுப் போனால், திருப்பூர் பனியனும் கோவை பம்ப்செட்டும் நம் பூவும் சேர்ந்து அதை நிரப்ப முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் விமான நிறுவனத்தார் நம்பிக்கையைக் கேட்டு வர மாட்டார்கள். டன் கணக்கைத்தான் கேட்பார்கள். எந்த மாதத்தில் எவ்வளவு, எந்த ஊருக்கு, எத்தனை பெட்டி ஆஃப்லோட் ஆனது, எவ்வளவு வாடிப் போனது என்ற கணக்கு நம்மிடம் ஒரே இடத்தில் இல்லை. தனித்தனியே ஒவ்வொருவர் நோட்டுப் புத்தகத்திலும் இருக்கிறது. அதைச் சேர்க்கும் வேலையை நம் பத்திரிகை எடுத்துக்கொள்கிறது. கொய்மலர் விவசாயிகளும், சைனீஸ் காய்கறி போடுபவர்களும், சிறு தேயிலைத் தொழிற்சாலைக்காரர்களும், கூரியர் முகவர்களும் கடந்த ஒரு வருடக் கணக்கை எழுதி அனுப்புங்கள். போஸ்ட் கார்டில் நாலு வரி எழுதினாலும் போதும். பெயர் வெளியிட வேண்டாமென்றால் வெளியிட மாட்டோம். வந்த கணக்கைத் தொகுத்து, தோட்டக்கலைத் துறைக்கும் கோவை விமான நிலைய அதிகாரிகளுக்கும் நேரில் கொடுத்து, அவர்கள் சொல்லும் பதிலை அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுவோம். இந்த மாதக் கடைசிக்குள் உங்கள் கடிதங்கள் வந்துசேர வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்
குன்னூர்